வரப்போகும் நாடகக் காலம்

அறுப்பு முடிந்து களம் காலியாகிக் குடியானவன் கையில் நாலு காசு புழங்க ஆரம்பித்தவுடன், நமது தென் ஜில்லாக் கிராமங்களில் ஊருக்கு ஊர் ஒரே பேச்சாய் நடக்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அதாவது, இந்த வருஷத் திருவிழாவுக்கு எத்தனை நாடகம், என்னென்ன நாடகம், ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார் என்கின்ற யோசனையேயாகும். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி மாதம் வரையில் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், திண்டுக்கல், விருதுநகர் முதலிய ஜில்லாக்களில் இரவு முழுவதும் ஆர்மோனியமும் மிருதங்கமும் கேட்டுக்கொண்டே இருக்கும். இதைத்தான் ஸ்பெஷல் நாடகம் என்றும், இசை நாடகம் என்றும் சொல்லி வருகின்றார்கள்.

இந்த வருஷமும் அந்தக் காலம் வரப்போகின்றது. நோட்டீசுகளும் அச்சாகப் போகின்றன. ஆனால் அந்த நோட்டீசுகளைப் படிக்க நாம் காத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அல்லி அர்ஜுனா என்கின்ற ஜாபிதாவில் நாலைந்தைப் பொறுக்கி, போன வருஷத்து நோட்டீசில் தேதியை மட்டும் திருத்திவிட்டால் இந்த வருஷத்து நோட்டீசு ஆகிவிடும். ஆகவே நோட்டீசு அச்சுக்குப் போகுமுன், ஊர்க் கமிட்டிகள் பணம் வசூலிக்க உட்காருமுன், இதைப்பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டியது நமது கடமை என்று கருதுகின்றோம்.

“பகுத்தறிவுப் பத்திரிகைக்கு நாடகத்தைப்பற்றி என்ன தலையங்கம்?” என்று சில தோழர்கள் கேட்கலாம். அவர்களுக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், நமது பத்திரிகையைப் படிக்கின்றவர்கள் எத்தனை பேர், ஒரு கிராமத்து நாடகக் கொட்டகையின் முன் விடிய விடிய உட்கார்ந்திருக்கின்றவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதேயாகும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட அரிச்சந்திரன் கதையை அடி பிசகாமல் சொல்லுகின்றாளே, அவள் அதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்? நாடகம் என்கின்ற பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். அப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடக்கின்றது, வாத்தியார்களுக்கு என்ன மரியாதை கிடைக்கின்றது, யார் யாருக்கு உள்ளே இடம் உண்டு என்று விசாரிப்பது வீண் வேலையாகுமா?

முதலாவது, இந்த நாடகம் எப்படி நடக்கின்றது என்பதையே பட்டணத்துக்காரர்களில் பலர் அறியார்கள். ஸ்பெஷல் நாடகத்திற்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் டான்சும் இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியே அமர்த்தப்பட்டு அன்று இரவுதான் வந்து சேருவார்கள். ஒத்திகை என்பது கிடையாது. அப்படியிருந்தும் திரை தூக்கியதும், ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர் தொட, ஆர்மோனியக்காரர் சுருதியையும் கதையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, விடியும் மட்டும் ஒரு சிக்கலும் இல்லாமல் நாடகம் நடக்கின்றது. நாடகம் முழுவதையும் ஒவ்வொருவரும் நெஞ்சிலே வைத்திருந்தாலல்லாமல் இது சாத்தியப்படுமா? நாலு வரிக்கு நாற்பது தடவை ஒத்திகை பார்க்கின்ற இந்தக் காலத்தில் இது சாதாரணப் படிப்பாகுமா?

இந்தப் படிப்புக்கு அஸ்திவாரம் போட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் காலமானவர். வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்த கூத்துக்களுக்கு வசனமும் பாட்டும் எழுதி வரம்பு கட்டினார். 1918-இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து நாடக சபை நடத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில்தான் சிறு பிள்ளைகளாய்ச் சேர்ந்து பழகினார்கள். சுவாமிகள் இறந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும், அவர் எழுதிக் கொடுத்த அதே நாடகங்கள்தான் இன்றும் அந்தக் கொட்டகைகளில் நடக்கின்றன. அவருடைய உழைப்பை நாம் மதிக்கின்றோம். ஆனால் அவர் அன்று செய்தது புதிது. இன்று நாம் செய்வது அந்தப் புதிதைப் பழையதாக்கிப் பூசை போடுவது. அவரை மதிப்பதென்றால் அவர் செய்ததைச் செய்ய வேண்டும். அதாவது, காலத்துக்கு வேண்டிய நாடகத்தைப் புதிதாய் எழுத வேண்டும்.

இப்படிச் சொன்னால், “நாடகம் நமது பரம்பரைச் சொத்து, அதில் கை வைக்கலாமா?” என்று சில பெரியவர்கள் கிளம்புவார்கள். அந்தப் பரம்பரையைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமே! ஆர்மோனியம் யாருடைய பரம்பரை? ஐரோப்பாக்காரன் செய்த பெட்டி அது. அது அந்நியப் பெட்டி என்று சொல்லி 1940-இல் ரேடியோக்காரர்கள் அதை உள்ளேயே விடமாட்டோம் என்று நிறுத்தி வைத்தார்கள். படம் எழுதின திரைச்சீலை யாருடையது? போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் ஊர் ஊராய்ச் சுற்றிய பார்சி நாடகக்காரர்களைப் பார்த்து வந்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்கின்ற பெயர்கள் தொல்காப்பியத்திலா இருக்கின்றன? நல்லதென்று கண்டதை எங்கிருந்தாலும் எடுத்துக்கொண்டு வளர்ந்ததுதான் இந்த நாடகம். வளர்ந்ததெல்லாம் போதும், இனி வளரக்கூடாது என்று சொல்லும் அதிகாரத்தை இவர்களுக்கு யார் கொடுத்தது?

நிற்க, என்ன நாடகம் போடுவது என்கின்ற விஷயத்திற்கு வருவோம். பழைய நாடகங்களையெல்லாம் கொளுத்திவிடு என்று நாம் சொல்லவில்லை. பார்க்கின்றவர்கள் கண்ணோடு அறிவையும் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள் என்றுதான் சொல்லுகின்றோம்.

அரிச்சந்திராவை எடுத்துக்கொள்ளுவோம். சத்தியம் தவறாத மகாராஜன் கதை என்கின்றார்கள். சரி, சத்தியத்தைக் காப்பாற்ற அவன் எதை விற்றான்? முதலில் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விற்றான். ஒரு மனிதன் தான் கொடுத்த வாக்குக்காகத் தன்னை விற்றுக்கொள்ளலாம். அது அவன் இஷ்டம். ஆனால் சந்திரமதியை விற்க அவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? அவள் என்ன மாடா, ஆடா? அவள் வாயைத் திறந்து “உமது வாக்குக்கு நான் எப்படி விலை?” என்று ஒரு கேள்வி கேட்பதாக ஒரே ஒரு காட்சி சேர்த்துப் பாருங்கள், அன்றைக்கு அந்த ஊரில் தூங்குகின்ற பெண் ஒருத்திகூட இருக்கமாட்டாள்.

நல்லதங்காளைப் பாருங்கள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போகின்றாள். அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்டுகின்றாள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுகின்றாள். பார்க்கின்ற பெண்களெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூளி அலங்காரியைச் சபித்துவிட்டு வீட்டுக்குப் போகின்றார்கள். நாம் கேட்கின்றோம், குற்றம் மூளி அலங்காரியோடு முடிந்துபோகின்றதா? நல்லதங்காள் பிறந்த வீட்டுச் சொத்தில் அவளுக்கென்று ஒரு பங்கு இருந்திருந்தால், அவள் அண்ணி கையை எதிர்பார்த்து ஏன் வாசலில் நின்றிருக்க வேண்டும்? அவள் பிச்சைக்கு வந்தவளாய் வந்ததால்தானே விரட்டப்பட்டாள்? பங்குக்காரியாய் வந்திருந்தால் யார் விரட்டியிருக்க முடியும்?

இது வெறும் கதைப் பேச்சல்ல. பூர்வீகச் சொத்தில் ஆண் பிள்ளையைப் போலவே பெண்ணுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டென்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். அதுவும் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. இந்தியா முழுவதுக்குமாக 2005-இல் வந்த திருத்தத்தில்தான் அந்த வித்தியாசமும் போயிற்று. சட்டம் வந்தாகிவிட்டதே என்று நாம் சும்மா இருக்க முடியுமா? “அண்ணன் தம்பியோடு உறவு வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு” என்று சொல்லி விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குகின்ற வீடுகள் எத்தனை என்பது நோட்டீசு அடிக்கின்ற கமிட்டிக்காரர்களுக்கே தெரியும். ஆகவே நல்லதங்காள் நாடகம் போடுங்கள், தாராளமாய்ப் போடுங்கள். ஆனால் நாடகம் முடிந்ததும் அந்த மேடையிலேயே ஒருவர் எழுந்து நின்று, “தாய்மார்களே! உங்களுக்குத் தகப்பன் சொத்தில் இன்னது பங்கு உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்று பத்து நிமிஷம் பேசட்டும். விட்ட கண்ணீருக்கு அப்போதுதான் ஒரு அர்த்தம் ஏற்படும்.

பவளக்கொடியையும் அல்லியையும்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அர்ஜுனன் போகின்ற ஊரிலெல்லாம் ஒரு கல்யாணம் செய்துகொண்டால் அது வீரம். அதையே ஒரு பெண் செய்வதாய் ஒரு நாடகம் எழுதினால் கொட்டகைக்கு நெருப்பு வைப்பார்கள். ஒரே காரியம் ஆணுக்குக் கீர்த்தியும் பெண்ணுக்கு அபகீர்த்தியும் ஆவது எப்படி என்று வாசகர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

வள்ளி திருமணத்தில் ஜனங்களுக்கு மிகவும் பிடித்தது எது? மயிலா, வேலா? அல்லவே அல்ல. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கின்ற தர்க்கம்தான். அவர் ஒரு கேள்வி போட, அவள் மடக்க, இவள் ஒரு கேள்வி போட, அவர் திணற, ஜனங்கள் கை தட்டிக்கொண்டு பொழுது விடிவதே தெரியாமல் உட்கார்ந்திருக்கின்றார்கள். தர்க்கத்தை இவ்வளவு ருசித்துக் கேட்கின்ற ஜனங்களைப் பார்த்து, “கிராமத்தானுக்குப் புத்தி கிடையாது, கேள்வி கேட்டால் அவனுக்குப் பிடிக்காது” என்று சொல்லுகின்றவர்கள்தான் புத்தியில்லாதவர்கள். கேள்வி கேட்பது அவனுக்குப் பிடிக்கும். ஆனால் மேடையில் கேட்டதை வீட்டிலும் வீதியிலும் கேட்கக்கூடாது என்று அவனைப் பழக்கி வைத்திருக்கின்றார்கள்.

அன்றியும், வள்ளி யார்? குறப்பெண். அவளை மணம் செய்ய வந்தவன் யார்? அந்த ஜாதியைச் சேர்ந்தவன் அல்ல. அந்தக் கல்யாணத்துக்கு ஊர் முழுவதும் வரி கொடுத்து, விடிய விடிய விழித்திருந்து, கடைசியில் மாலை மாற்றும்போது குலவை போடுகின்றார்கள். பொழுது விடிந்ததும் தன் வீட்டுப் பெண் வேறு ஜாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டால், அதே ஊரில் அரிவாளைத் தேடுகின்றவனும் இருக்கின்றான். ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காகப் பெற்ற பிள்ளைகளையே வெட்டுகின்ற கொடுமை இந்த நாட்டில் இன்னும் ஒழியவில்லை என்பதை யாராவது மறுக்க முடியுமா? இரவு செய்தால் தெய்வத் திருமணம், பகலில் செய்தால் குலத்துக்கு இழுக்கு என்றால், இவர்கள் பார்த்தது நாடகமா அல்லது இவர்கள் வாழ்வதுதான் நாடகமா?

மேடைக்கு மேலே ஜாதி எப்படி நடந்துகொண்டது என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்லுவோம். விசுவநாததாஸ் என்கின்ற நடிகர் 1886-இல் சிவகாசியில் மருத்துவர் குலத்தில், அதாவது சவரத் தொழில் செய்கின்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர். வெள்ளைக்கார சர்க்காரை எதிர்த்து நாடக மேடையிலேயே பாடிப் பலமுறை சிறை சென்றவர். அவர் முருகனாய் மயில் மேல் ஏறி நின்றால் கைகூப்பிக் கும்பிட்ட ஜனங்கள் ஏராளம். ஆனால் அவருடைய பிறப்பைச் சொல்லி, அவரோடு சேர்ந்து நடிக்கமாட்டோம் என்று மறுத்த நடிகைகளும் இருந்தார்கள். முருகன் வேஷத்தில் சாமியாய் இருப்பவர், வேஷத்தைக் கலைத்தால் தீண்டத் தகாதவராய் விடுகின்றார்! 1940-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி இரவு சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில், மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் போயிற்று. சாமியாகவே செத்தார் என்று சிலாகித்தார்கள். மனிதனாகவே வாழவிட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது மேடைக்குக் கீழே இறங்கி வருவோம். நாடகச் செலவுக்குத் தலைக்கட்டு வரி போடுகின்றார்கள். பல ஊர்களில் சேரி வீடுகளுக்கு மட்டும் இந்த வரி போடுவதில்லை. கேட்டால், “அவர்கள் ஏழைகள், பாவம், அவர்களிடம் வாங்குவானேன்?” என்பதாக இரக்கப்படுகின்றவர்களைப் போல் பேசுகின்றார்கள். இந்த இரக்கத்தின் இரகசியம் நமக்குத் தெரியாதா? வரி வாங்கினால் பங்குக்காரன் ஆகிவிடுவான். பங்குக்காரன் ஆனால் கமிட்டியில் உட்காருவான். கமிட்டியில் உட்கார்ந்தால் என்ன நாடகம் என்று கேட்பான், கணக்கு எங்கே என்று கேட்பான், முன் வரிசையில் பாய் போடுவான். இதற்காகவே அவனிடம் காசு வாங்காமல் விடுகின்றார்கள். சர்க்காருக்கு அவன் வரி கொடுக்கலாம். கடையில் அவன் காசு செல்லும். ஊர் நாடகத்திற்கு மட்டும் அவன் காசு தீட்டாகிவிடுமா? நாம் சொல்லுகின்றோம், எந்தத் தெருவின் வரியை வாங்க ஒரு ஊர் மறுக்கின்றதோ, அந்த ஊர் நடத்துவது ஊர் நாடகம் அல்ல, சில தெருக்களின் நாடகம். அதற்கு ஊர்ப் பெயரை நோட்டீசில் போடுவது மோசடியேயாகும்.

அடுத்தபடியாக, நடிக்கின்றவர்களின் மானத்தைப்பற்றிச் சொல்ல வேண்டும். நடிகர்களைக் கூத்தாடிகள் என்று இழிவாய்ப் பேசுகின்ற வழக்கம் இன்னும் போகவில்லை. இதன் யோக்கியதையைப் பார்ப்போம். 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் அவருடைய சிநேகிதர்களும் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார்கள். அதற்குமுன் அவருக்கே தமிழ் நாடகத்தின் பேரில் அருவருப்பு இருந்தது. அந்த வருஷம் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்கின்ற வக்கீல் தமது சபையோடு வந்து தெலுங்கு நாடகம் போட்டபோது, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களுமே மேடை ஏறியிருப்பதைக் கண்ட பிறகுதான் நாமும் நடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றிற்று. அவர் செய்த நாடகத் தொண்டு பெரிது என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இதிலிருந்து என்ன தெரிகின்றது? வக்கீல் சாயங்காலத்தில் சம்பளம் வாங்காமல் நடித்தால் அது கலை. ஏழை இரவெல்லாம் நடித்து அந்தக் கூலியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினால் அது கூத்தாடித்தனம்! பாடுபட்டுக் கூலி வாங்குவது இழிவு, பாடுபடாமல் இருந்துகொண்டு பொழுதுபோக்குவது பெருமை என்கின்ற பழைய வருணப் புத்திதான் இங்கும் வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றது. பாய்ஸ் கம்பெனியில் சாப்பாட்டுக்காகச் சேர்ந்த ஒரு சிறுவன்தான் பின்னால் சினிமாவுக்குப் போய் 1977-இல் இந்த நாட்டின் முதல் மந்திரியானார் என்பதைக் கூத்தாடி என்று பேசுகின்ற நாக்குகள் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும்.

ஆண்களுக்கே இந்தக் கதி என்றால் நடிகைகளின் கதியைச் சொல்ல வேண்டுமா? மேடையில் சாவித்திரி எமனிடம் வாதாடும்போது “அம்மா, தாயே” என்கின்றார்கள். அவளே மேடையை விட்டு இறங்கி வண்டி ஏறப் போகும்போது சீட்டியடிக்கின்றார்கள். ரூபாய் நோட்டை மேடையில் ஏறிக் குத்துகின்ற சாக்கில் கையை எங்கெங்கோ கொண்டுபோகின்ற பெரிய மனிதர்களும் இருக்கின்றார்கள். உடுத்து மாற்ற மறைவான இடம் கிடையாது. ஒதுங்க ஒரு கக்கூசு கிடையாது. விடிந்தபின் தெருவில் நடந்து போனால் கேவலமாய்ப் பேசுவார்கள் என்று மூடின வண்டிக்குள்ளேயே ஒடுங்கி ஊர் திரும்ப வேண்டியிருக்கின்றது. “பபூனும் டான்சும் ஆபாசமாய்ப் பேசுகின்றார்களே, அவர்களுக்கு என்ன மரியாதை?” என்று கேட்கின்றவர்கள், அந்தப் பேச்சு வரும்போது ஜனங்களில் யார் முதலில் சிரித்தார்கள், “இன்னும் போடு” என்று யார் சத்தம் போட்டார்கள் என்று சொல்லட்டும். கடையில் கள் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கடைக்காரனை மட்டும் குடிகேடன் என்பது என்ன நியாயம்?

சட்டத்தைச் சாக்குச் சொல்ல வேண்டிய காலமும் போய்விட்டது. வெள்ளைக்காரன் நாடகத்துக்குப் பயந்து 1876-இல் ஒரு நாடகச் சட்டம் செய்தான். அவன் போய் எழுபது வருஷம் வரையில் அந்தச் சட்டம் புத்தகத்தில் கிடந்து, 2018-இல்தான் ரத்தாயிற்று. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1954-இல் சென்னை ராஜ்யத்தில் தனியாக ஒரு நாடகச் சட்டம் செய்து, எழுத்தை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கும்படி செய்தார்கள். சென்னை ஹைகோர்ட்டு 2013-இல் அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே, புது நாடகம் எழுதினால் சர்க்கார் பிடித்துக்கொள்ளும் என்று பயந்த காலம் வேறு. இன்று புது நாடகத்திற்குத் தடையாய் நிற்பது ஊர்ப் பெரியதனமும் நமது சோம்பலும்தான்.

ஆனால் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கின்றது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரையில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. திருவிழா முதலியவைகளுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் நடுராத்திரி 12 மணி வரையில் மட்டும் சர்க்கார் அனுமதிக்கலாம். இரவு 10 மணிக்கு மேல்தான் நாடகம் ஆரம்பமாக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரம் சொல்லுகின்றது? சாயங்காலம் 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடித்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்கலாம். மறுநாள் வேலைக்குப் போகின்றவர்கள் பார்க்கலாம். வீட்டில் நோயாளி தூங்கலாம். நடிகைகளும் மானத்தோடு ஊர் போய்ச் சேரலாம். நாலு மணி நேரத்திற்குள் அடக்கினால் கதைக்கு வேண்டாத சரக்கெல்லாம் தானே உதிர்ந்து போகும்.

ஆகவே, வரப்போகும் நாடகக் காலத்திற்கு ஊர்க் கமிட்டிகளுக்கும் வாலிபர்களுக்கும் நாம் சொல்லும் யோசனைகளாவன:

1. நாடகக் கமிட்டியில் ஒவ்வொரு தெருவுக்கும் இடம் இருக்க வேண்டும். எந்தத் தெருவையும் வரியிலிருந்து தள்ளக்கூடாது. இல்லாதவனுக்குக் குறைத்துப் போடலாம், ஆனால் தள்ளக்கூடாது. பெண்களும் கமிட்டியில் இருக்க வேண்டும். நாடகம் பார்க்கின்றவர்களில் பாதிப் பேர் அவர்கள்தானே!

2. பாய் போட்டு உட்காருவதில் முன், பின் என்பது வந்த நேரத்தைப் பொறுத்ததாய் இருக்க வேண்டுமேயல்லாது பிறந்த ஜாதியைப் பொறுத்ததாய் இருக்கக்கூடாது.

3. நடிகர், நடிகை, ஆர்மோனியம், மிருதங்கம் ஆகிய எல்லோருக்கும் பேசிய கூலியை எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வந்து சேர்ந்த பிறகு மழையாலோ ஊரில் சாவு விழுந்ததாலோ நாடகம் நின்றுபோனால் அவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.

4. நடிகைகளுக்கு உடுத்து மாற்ற மறைவான இடமும், கக்கூசும், நல்ல சாப்பாடும் ஏற்பாடு செய்யாத கமிட்டி நாடகம் நடத்த யோக்கியதையுள்ள கமிட்டியாகாது. அன்பளிப்புக் கொடுக்கின்றவர்கள் கமிட்டியிடம் கொடுக்கட்டும். மேடை ஏற வேண்டாம்.

5. மூன்று நாடகம் போடுகின்ற ஊரில் ஒன்றாவது புது நாடகமாய், அந்த ஊர் வாலிபர்களும் பெண்களுமே நடிப்பதாய் இருக்கட்டும். கதைக்கு எங்கும் போக வேண்டியதில்லை. வட்டிக் கடை, வரதட்சணை, சாராயம், ஜாதிச் சண்டை, கைப்பேசியில் வருகின்ற பொய்ச் செய்தியை நம்பி ஊர் கெட்டது ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு நாடகம். பாட்டும் ஆர்மோனியமும் பபூனும் அப்படியே இருக்கட்டும். அவைகளின் பேரில் நமக்கு விரோதமில்லை.

6. நாடகம் முடிந்த வாரத்தில் வரவு செலவை எழுதி ஊர்ப் பொதுவில் ஒட்ட வேண்டும்.

இவைகளில் எதற்காவது பெரிய பணம் வேண்டுமா? வேண்டியதெல்லாம் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் துணிவும்தான்.

“நாடகமே செத்துக்கொண்டிருக்கின்றது, ஆடல் பாடல் என்று சினிமாப் பாட்டுக்குக் குதிக்கின்ற கூட்டத்தைத்தான் ஊரார் கேட்கின்றார்கள், வீட்டுக்கு வீடு டெலிவிஷன், கைக்குக் கை கைப்பேசி, இந்த நேரத்தில் நீங்கள் நாடகத்தைத் திருத்தப் புறப்படுகின்றீர்களே” என்று சில தோழர்கள் சொல்லலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. டெலிவிஷனில் வருகின்றவனைப் பார்த்து நீங்கள் கேள்வி கேட்க முடியாது. நாடகத்தில் நடிக்கின்றவன் நம் எதிரில் நிற்கின்றான். நாம் சிரித்தால் அவனுக்குக் கேட்கின்றது. நாம் கேட்டால் அவன் பதில் சொல்லுகின்றான். ஒரு ஊர் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் யோசிப்பதற்கு அதைப்போன்ற இடம் வேறு எங்கே மிஞ்சியிருக்கின்றது? கோவிலிலும் இல்லை, டீக்கடையிலும் இல்லை. அதையும் ஜாதிக்கும் ஆபாசத்திற்கும் பறிகொடுத்துவிட்டு, பிறகு ஜனங்கள் யோசிக்கவில்லையே என்று அழுவதில் பிரயோஜனமில்லை.

நாடகம் சாகவேண்டுமானால் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. போன வருஷத்து நோட்டீசிலேயே தேதியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினால் போதும். பிழைக்க வேண்டுமானால், இந்த வருஷத்துக் கமிட்டி கூடுகின்ற அன்றே நமது வாலிபர்கள் போய் உட்கார்ந்து, “என்ன நாடகம்? யார் காசு? யாருக்கு இடம்? யாருக்கு மரியாதை?” என்கின்ற நாலு கேள்விகளையும் கேட்க வேண்டும். வள்ளி மேடையில் கேட்பதைக் கை தட்டி ரசிக்கின்ற ஊர், தன் பிள்ளைகள் கேட்டால் மட்டும் கோபித்துக்கொள்ளுமா என்பதை இந்த நாடகக் காலத்தில் பார்த்துவிடுவோம்.